நாற்பத்தேழாம் சாலை, கடைசி இரண்டு மைல்

தொலைபேசி என் மேசையில்தான் இருக்கிறது.
காலை ஏழுக்கே தொடங்கிவிடும்.
முட்டை வண்டிக்காரர் சொன்னார்:
மாதாகோவில் திருப்பத்தில் சரளை அலையலையாய்க் கிடக்கிறது,
மூன்று தட்டு நொறுங்கியது, யார் கொடுப்பார்?
பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்வெல்லா சொன்னாள்:
குழாய் அடைத்துக்கொண்டது,
தண்ணீர் சாலைமேல் நடந்து போகிறது,
அது வரி கட்டுகிறதா என்ன?
எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன்.
நாள், நேரம், மைல், பெயர், புகாரின் பொருள்.
திட்டியதை எழுதுவதில்லை.
அதற்குக் கட்டம் இல்லை.

நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
அறுநூற்றுப் பன்னிரண்டு மைல் சரளைச் சாலை,
நான்கு கிரேடர்,
மூன்றரை ஓட்டுநர்.
அரை என்றது டுவேனை;
முழங்கால் அறுவைக்குப் பிறகு அவர்
மதியம் வரைதான்.

லவான் ட்வெர்டி முழு ஆள்.
பிளேடைச் சாய்த்து அவள் போன பின்
சாலைக்கு ஒரு முதுகு முளைத்திருக்கும்,
நடுவில் நாலு விரல் உயரமாய்.
மழை அதில் தங்காது,
இருபுறமும் வழிந்து ஓடையில் இறங்கும்.
"தட்டையாக விட்டால்
தண்ணீர் உட்கார்ந்துவிடும்" என்பாள்,
காபிக் குவளையைக் கையால் மூடிக்கொண்டு.
"உட்கார்ந்த தண்ணீர்
தானாக எழுந்து போய் நான் பார்த்ததில்லை."

அக்டோபரில் சரளை விலை ஏறியது.
செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஒன்பதாவது பொருள்:
நாற்பத்தேழாம் சாலை, கடைசி இரண்டு மைல்.
ஒரே ஒரு வீடு.
இனிமேல் அது 'குறைந்த பராமரிப்பு'.
பிளேடு இல்லை, சரளை இல்லை,
பனி விழுந்தால் பனியின் பாடு.

அந்த ஒரே வீடு
எம்மெட் ஸ்கலிட்ஸ்கியுடையது.
ஐந்து உறுப்பினர் மேசையில்
மூன்றாவது நாற்காலியும் அவருடையது.

இருவர் சரி என்றார்கள்.
இருவர் வேண்டாம் என்றார்கள்,
அவர் முகத்தைப் பார்க்காமல்.
எம்மெட் வழக்கறிஞரைக் கேட்டார்:
"எனக்கு லாபமென்றால் நான் கை தூக்கக் கூடாது.
நஷ்டமென்றால்?"
வழக்கறிஞர் புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார்.
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"தனக்கெதிராகத் தூக்குவதற்குத்
தடை எதுவும் காணோம்" என்றார் கடைசியில்.
எம்மெட் கை தூக்கினார்,
பேருந்தை நிறுத்துகிறவர் போல
பாதி உயரத்துக்கு.

மூன்றுக்கு இரண்டு. நிறைவேறியது.
நான்தான் எழுதினேன்.

அறிவிப்புப் பலகையை
லவான்தான் கொண்டுபோய் நட்டாள்.
'உங்கள் பொறுப்பில் செல்லவும்.'
அந்த இடம் வந்ததும்
பிளேடைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.
தூக்கினாள் என்றுதான் தாளில் இருக்கிறது.

மார்ச்சில் உறைமண் இளகி
சாலைகளெல்லாம் கஞ்சியாய்க் கிடந்த வாரம்,
டீசல் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன்.
வியாழனன்று அவள் வண்டிக்கு
ஐந்து காலன் கூடுதல்.
காரணம்: எதிர்க்காற்று.
கையெழுத்து தெளிவாகவே இருந்தது.
வியாழனன்று காற்றே இல்லை.
நீதிமன்றக் கம்பத்தில் கொடி
துவைத்துப் போட்ட துணிபோல்
நாள் முழுக்கத் தொங்கியது.
என் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தக் கம்பம்.

வெள்ளி காலை ஏழு ஐந்துக்கு மணி அடித்தது.
"எம்மெட் பேசுகிறேன்.
யாரோ என் சாலையில் பிளேடு இறக்கியிருக்கிறார்கள்.
இரண்டு மைலும்.
பட்ஜெட்டில் அது கிடையாது."

பதினொரு வருஷத்தில்
சாலை நன்றாயிருக்கிறதென்று வந்த
முதல் புகார்.

"முதுகு வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
மறுமுனையில் சற்று நேரம் ஒன்றுமில்லை.
ஒரு நாய் குரைத்தது.
"வைத்திருக்கிறார்கள்" என்றார்.
"நேர்த்தியாக."
பிறகு, "எழுதிக்கொண்டீர்களா?"

எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.
நாள். ஏழு ஐந்து. நாற்பத்தேழு. ஸ்கலிட்ஸ்கி.
கடைசிக் கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

காற்று,
என்று எழுதினேன்.